பூவரசம் பீப்பியில் தொடங்குங்கள்

இரண்டாம் வகுப்பில் ஒரு மரம் வரையச் சொன்னேன். இருபத்திரண்டு பிள்ளைகளில் பதினெட்டுப் பேர் ஆப்பிள் மரம் வரைந்திருந்தார்கள். பழுப்பாக ஒரு தடி, மேலே பச்சை மேகம், அதில் சிவப்புச் சிவப்பாகப் பொட்டு. எங்கள் பள்ளி இருப்பது கரிசல் காட்டு ஊரில். ஜன்னலுக்கு வெளியே பூவரசு, சமையல்கூடத்தை ஒட்டி வேம்பு, கேட்டைத் தாண்டினால் ரோட்டோரம் புளி, கண்மாய்க்கரையில் பனை. ஆப்பிள் மரத்தை அந்தப் பிள்ளைகளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. சுவரில் தொங்கிய சார்ட்டைக் காசு கொடுத்து வாங்கி வந்தவள் நான்தான். அன்று சாயங்காலமே அதைக் கழற்றிவிட்டேன்.

அதற்கப்புறம் சார்ட் இல்லாமல் மரம் சொல்லித் தந்து பார்த்ததில் எது நின்றதோ அதை மட்டும் எழுதுகிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒத்துவரும். மெழுகு கிரையான் ஒரு பெட்டி, வெள்ளைத்தாள் ஒரு கட்டு, சணல் கயிறு, தையல்கார அண்ணனிடம் கேட்டு வாங்கிய பழைய டேப். பெரிய செலவு இவ்வளவுதான்.

ஒரே ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. மரத்தின் பெயரை முதலில் சொல்ல மாட்டேன். "இது வேப்பமரம்" என்று சொன்ன நிமிஷமே பிள்ளை "தெரியும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடும். கை முதலில் போகட்டும், பெயர் பின்னால் வரட்டும்.

அதனால் முதல் நாள் பீப்பி. நடுத்தர அளவில், ரொம்ப முற்றாத பூவரசம் இலையாக ஆளுக்கு ஒன்று. காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். ஒரு முனை கொஞ்சம் குறுகலாக வரட்டும். அந்த முனையை விரலால் லேசாக நசுக்கித் தட்டையாக்கி ஊதினால் சத்தம் வரும். முதல் தடவையில் பாதிப் பேருக்கு வராது. நசுக்கியது அதிகமாகியிருக்கும், இல்லாவிட்டால் சுருள் தளர்ந்திருக்கும். வந்தவர்களை விட்டே வராதவர்களுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். நாம் சொல்வதைவிட வேகமாக வேலை நடக்கும். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. நான் ஒருமுறை சொல்ல மறந்துபோய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எல்லாரும் ஊதிக் களைத்தபிறகுதான் பாடம். "வேப்பிலையில் பீப்பி செய் பார்ப்போம்" என்று விடுங்கள். புளியிலையில்? பூவரசஞ்சருகில்? தென்னையோலையில்? ஓலையில் வரும், சருகு உடைந்துபோகும், புளியிலையைச் சுருட்டவே முடியாது. இலையில் அகலம் என்று ஒன்று இருக்கிறது, தடிமன் இருக்கிறது, வளையும் தன்மை இருக்கிறது என்பதை நான் வாயால் சொல்லவே வேண்டியிருக்காது.

அடுத்தது இலைப்பதிவு. எல்லாரும் செய்வதுதான், ஆனால் சொதப்புவதும் இதில்தான் அதிகம். இலையின் முதுகுப்புறம், அதாவது நரம்பு புடைத்த பக்கம், மேலே இருக்க வேண்டும். அதன்மேல் மெல்லிய தாள். கிரையானின் காகிதத்தை உரித்துவிட்டுப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். முனையால் தேய்த்தால் தாள் கிழியும். அப்போதே பறித்த இலை ஈரம் கசியும், காய்ந்தது நொறுங்கும். காலையில் எடுத்து நோட்டுக்குள் ஒரு மணி நேரம் வைத்த இலைதான் சரியாக வரும். ஒன்றாம் வகுப்புக்கு அரசு, ஆல், பூவரசு போதும். வேம்பும் புளியும் மூன்றாம் வகுப்பு வரட்டும்.

இனி நான் அதிக நேரம் செலவழிக்கும் இடத்துக்கு வருகிறேன். "ஒரு வேப்பிலை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் விரல் நீளத்தில், ஓரம் பல் பல்லாக இருக்கும் ஒரு துண்டைக் கொண்டுவருவார்கள். பெரியவர்களும் அதைத்தான் கொண்டுவருவோம். அது வேப்பிலை அல்ல, வேப்பிலையின் ஒரு சிற்றிலை. ஈர்க்கும் அதன் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும் சிற்றிலைகளும் சேர்ந்ததுதான் ஒரு முழு இலை. கூட்டிலை என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் அந்தச் சொல்லை எழுதிப் போட்டால் யாருக்கும் ஏறாது.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காம்பு கிளையோடு சேரும் இடுக்கில் குட்டியாக ஒரு மொட்டு இருக்கும். எந்தக் காம்பின் அடியில் மொட்டு இருக்கிறதோ அதுதான் இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. ஒரு சின்னக் கிளையோடு வகுப்புக்குக் கொண்டுவந்து, நாலு பேருக்கு ஒரு கிளை கொடுத்து, மொட்டைத் தேட விடுங்கள். வேம்பு முடிந்து புளி, புளி முடிந்து முருங்கை. முருங்கையில் மொட்டைத் தேடிக்கொண்டே போனால் கிளையின் அடி வரை போய்விடுவார்கள். முழங்கை நீளத்துக்குக் கிளைத்துக் கிளைத்து நிற்பது மொத்தமும் ஒரே இலை என்று தெரிந்த அன்று ஒரு பையன் கேட்டான்: "அப்போ எங்க அம்மா நேத்து பொரியலுக்கு எத்தனை இலை உருவுனாங்க டீச்சர்?" கணக்குப் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இதோடு தமிழையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே மரத்திலிருந்து கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஐந்தையும் எடுத்து நீளத் தாளில் வரிசையாக ஒட்டச் சொல்கிறேன். தென்னைக்கும் பனைக்கும் ஓலை, கரும்புக்குத் தோகை, நெல்லுக்குத் தாள் என்று பெயர்கள் தனியாக ஒரு பட்டியல். 2022இல் அரசுப் பள்ளிகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்பவை எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றல் நிலையின் பெயர்கள். பூவரசங்கிளையில் மொட்டைக் காட்டியபோது "இதுவும் நம்ம மொட்டா டீச்சர்?" என்று கேட்டாள் ஒருத்தி. ஆமாம் என்று சொல்லி, விரிந்திருந்த ஒரு பூவில் காலை வணக்கம் முடிந்ததும் நூல் கட்டினோம். காலையில் மஞ்சள். வீட்டுக்குப் போகும் நேரம் செம்மை ஏறியிருந்தது. மறுநாள் வாடி, கருஞ்சிவப்பாக இருந்தது.

அளப்பதற்கு ஒரு பீரியட் வையுங்கள். மரத்தைக் கட்டிப்பிடித்து எத்தனை பேர் தேவை என்று பார்ப்பது, அப்புறம் சாண், அப்புறம் கயிறு, கடைசியில் டேப். ஒருவன் பதினொரு சாண் என்பான், இன்னொருத்தி பதின்மூன்று என்பாள். இருவரும் சண்டை போடட்டும், தலையிடாதீர்கள். டேப் எதற்கு என்று அவர்களே சொல்வார்கள். வனத்துறையில் அடிமரச் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது தலைக்கு மேல். பிள்ளைகளின் நெஞ்சளவில் சாக்பீஸால் கோடு போட்டு, அது தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று நோட்டில் குறித்துவைத்தால் போதும். அடுத்த ஜூனில் அதே உயரத்தில்தான் அளக்க வேண்டும்.

மரம் தண்ணீர் விடுவதைக் காட்ட ஒரு கண்ணாடிக் கவர் வேண்டும். பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த 2019க்குப் பிறகு புதிதாகக் கேட்டு வாங்கக் கூச்சம், புதுச்சட்டைக்கு வரும் கவரை எடுத்து வைத்துக்கொள்கிறேன். வெயிலில் இருக்கும் பூவரசங்கிளையில் நாலைந்து இலை உள்ளே போகும்படி பத்து மணிக்கு இறுக்கிக் கட்டுங்கள். இன்னொரு கவரை இலையில்லாத காய்ந்த குச்சியில் கட்டுங்கள். சாப்பாட்டு மணிக்கு முதல் கவரின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள், விட்டால் இலை அழுகும்.

புளியிலை இரவில் மூடிக்கொள்வதைப் பார்க்கச் சொன்னது மட்டும் எடுபடவில்லை. புளியமரத்தில் பேய் இருக்கிறதாம், பாட்டி விடவில்லை. நான் வாதாடப் போகவில்லை. தூங்குமூஞ்சி மரம் பொழுது சாயும்போதே மூட ஆரம்பித்துவிடும். பஸ் ஸ்டாப்பில் ஒன்று நிற்கிறது, அதைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

ஆண்டு வளையம் எண்ணுவது பற்றி ஒரு எச்சரிக்கை. குளிர்நாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு எந்தக் கட்டையையும் எடுத்து வயது எண்ண வைக்காதீர்கள். தேக்கில் வளையம் தெளிவாகத் தெரியும். வேம்பை நம்பி எண்ண முடியாது. பனையில் வளையமே கிடையாது. தச்சுப்பட்டறையில் கேட்டால் தேக்கில் ஒரு துண்டும் பழைய பனஞ்சட்டத்தில் ஒரு துண்டும் கிடைக்கும். இரண்டின் வெட்டுமுகத்தையும் ஆணியால் குத்திக் காட்டுங்கள், ஆணி உங்கள் கையில் இருக்கட்டும். பனைக்கு வெளிப்பக்கம் இரும்பு மாதிரி, நடு சோறு. தேக்குக்கு வைரம் உள்ளே. வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் மரபியலில் பிரித்திருக்கிறது. நம் மாநில மரமே புல் என்று சொன்னால் மூன்றாம் வகுப்பு நம்பாது. நம்பாமல் திரும்பவும் குத்திப் பார்க்கச் சொல்வார்கள்.

விதைப்பதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆடியில் விழுந்த வேப்பமுத்தை அழகாகக் கழுவிக் காயவைத்துப் பாட்டிலில் போட்டு, கார்த்திகை மழைக்கு விதைத்தோம். அறுபதில் ஒன்றுகூட முளைக்கவில்லை, இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். வேப்பமுத்துக்குச் சில வாரம்தான் உயிர். பழம் விழும் ஆனி, ஆடியிலேயே சதையை நீக்கி விதைத்துவிட வேண்டும். மழைக்காலத்துக்குப் புளியங்கொட்டை நல்லது. ஒரு ராத்திரி ஊறவைத்து, அடியில் ஓட்டை போட்ட பால் பாக்கெட்டில் விரல்கணு ஆழத்தில் போட்டால், பத்து நாள் போலத் தடித்த இரண்டு வித்திலைகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். ஆளுக்கு மூன்று விதை கொடுங்கள். நாலைந்தைத் தனியாகப் போட்டுவைத்து, இரண்டு நாளைக்கு ஒன்று தோண்டிப் பார்க்க அனுமதியுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ரகசியமாகத் தோண்டிவிடுவார்கள்.

வெளியே கூட்டிப் போவதற்கு முந்தின நாள் நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். முருங்கையில் கம்பளிப்பூச்சி, மாமரத்தில் முசுறு, ஓரத்தில் அரளி, எருக்கு. அரளியைத் தொடக்கூடாது, எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்பதை ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டே கிளம்புவேன். பறிப்பதற்கு நான் முழுத்தடை போடுவதில்லை. முதலில் கீழே விழுந்ததைத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் ஆளுக்கு ஒரு இலை.

வருஷம் முழுக்க ஓட வேண்டியது வெள்ளிக்கிழமை நோட்டு. ஒரு மரம், வாரம் ஒருமுறை. தளிர், பூ, காய், பழம் ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று மூன்று கட்டம், அதில் டிக். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிகள் இதே மாதிரி வாராவாரம் குறித்து அனுப்புகிறார்கள். விருப்பமிருந்தால் நீங்களும் சேரலாம். நோட்டில் நாற்பது வாரமும் இருக்காது, லீவு, தேர்தல், மழை என்று ஓட்டை விழும். ஓட்டையை அப்படியே விடுங்கள், நிரப்பி எழுதப் பழக்க வேண்டாம்.

கோடை விடுமுறைக்கு முன் கன்றுகளை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், பள்ளியில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஜூனில் பத்துக்கு மூன்று பிழைத்திருந்தால் நல்ல வருஷம். எங்கள் ஊரில் மிச்சத்தைப் பெரும்பாலும் ஆடு தின்றிருக்கும். எந்த வீட்டு ஆடு, எத்தனை இலை என்பதையும் முதல் வெள்ளிக்கிழமை நோட்டில் எழுத வைத்துவிடுவேன்.