மூடுபனி ஊரில் படத்துக்குப் பளபளப்புப் பூச

போன ஆடியில், ஊட்டிக்குப் பக்கத்து லவ்டேலிலிருந்து ஓர் அம்மா, தன் மாமியாரின் படத்தை பிரேமோடு என் போட்டோ கடைக்குக் கொண்டுவந்தார். கன்னத்தில் பாதி கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தால் மை கண்ணாடியில் தங்கிவிடும். பிரிக்காமல், கண்ணாடிக்கு மேலேயே ஸ்கேன் எடுத்து, கறையைச் சரிசெய்து புதிதாக அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து சுவரில் மாட்டும் எந்தப் படத்தையும் மேலே பளபளப்புப் பூச்சில்லாமல் நான் கொடுப்பதில்லை.

முதலில் உங்கள் பிரிண்டரில் என்ன மை என்று பாருங்கள். என்னிடம் இருப்பது எப்சன் எல்805, ஆறு நிற டை இங்க். டை தாளின் மேற்பூச்சுக்குள் இறங்கிவிடும். அழகாக மினுங்கும், ஆனால் ஈரம் பட்டால் கசியும், வெளிச்சத்தில் வெளுக்கும். பிக்மென்ட் இங்க் தாளின் மேலேயே படியும். மை அடர்ந்த இடத்துக்கு ஒரு மினுக்கு, வெறும் வெள்ளைக்கு வேறு மினுக்கு. சாய்த்துப் பார்த்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். அதைச் சரிக்கட்டத்தான் எப்சன் ஆர்800-இல் கிளாஸ் ஆப்டிமைசர் என்று நிறமில்லாத தனி கார்ட்ரிட்ஜ் வைத்தார்கள். கேனனில் அதற்குக் குரோமா ஆப்டிமைசர் என்று பெயர். அப்படிப்பட்ட பிரிண்டர் இருந்தால் வெள்ளை ஓரமும் சேர்த்துத் தாள் முழுக்கப் பூசச் சொல்லுங்கள். டேங்க் பிரிண்டரில் கிளியர் திரவத்தை ஊற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம், மை தெளிக்கும் ஹெட் அடைத்துவிடும். நம்மைப் போன்றவர்களுக்கு ஸ்பிரேதான்.

சால்வென்ட் (சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான்) வகை அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே வாங்குங்கள். யூவி தடுப்பு உள்ளதாகக் கிடைத்தால் நல்லது. தண்ணீரில் கரையும் வார்னிஷ் டை இங்க்கைக் கலைத்துவிடும்.

இனி காய வைப்பது. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பிரிண்ட் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். மையில் உள்ள கிளைக்கால் (glycol) என்ற மெதுவாக ஆவியாகும் திரவம் உள்ளே இருந்து மெதுவாகத்தான் வெளியேறும். கால்மணி நேரம் விட்டு, மேலே சாதா ஜெராக்ஸ் தாளை வைத்து ஒரு நாள் மூடி வையுங்கள். அந்தத் தாள் நெளிந்திருந்தால் இன்னும் ஈரம் வருகிறது என்று அர்த்தம். வேறு தாள் மாற்றி இன்னொரு நாள் விடுங்கள். ஈரத்தோடு பூசினால் அதை உள்ளேயே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

ஒரு ஐப்பசி மாதம், மதியம் மூன்று மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கல்யாணப் படத்துக்கு ஸ்பிரே அடித்தேன். இரண்டு நிமிடத்தில் மணமகளின் கறுப்புக் கூந்தல் மேல் பால் தெளித்தது போல வெள்ளை படர்ந்தது. சால்வென்ட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மறுநாள் வெயிலில் ஒரு மெல்லிய பூச்சு விட்டதும் பெரும்பாலும் தெளிந்தது. இப்போது சுவரில் ஈரப்பத மீட்டர் தொங்குகிறது. 60 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஸ்பிரேயைத் தொடுவதில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை, பதினோரு மணிக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் இங்கே நல்ல நேரம்.

அப்பா இந்து நகர் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவர். மேசையை உலர்ந்த துணியால் துடைக்கவே விடமாட்டார், தூசி கிளம்பும் என்று. ஈரத்துணியால் துடைத்து, மேசை காய்ந்த பிறகே தாளை வைக்கச் சொல்வார். நானும் அப்படியே செய்கிறேன்.

ஸ்பிரே டப்பா சில்லென்றிருந்தால் துளித்துளியாகக் கக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, நன்றாகக் குலுக்குங்கள். அறையில் கணப்புச் சட்டி எரியக்கூடாது, கொசுவத்திகூடக் கூடாது. அந்த ஆவி தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் அடி தூரத்திலிருந்து, தாளுக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியுங்கள். முதல் பூச்சு இடம் வலமாக, லேசாக. முழுதும் மூடவில்லையே என்று பதற வேண்டாம். பதினைந்து நிமிடம் கழித்து மேலிருந்து கீழாக. மூன்று பூச்சு போதும். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழியும். புது டப்பா வாங்கினால் வீணான பிரிண்டில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டே நல்ல படத்துக்குப் போங்கள்.

ஒரு நாள் தொடாமல் விட்டு பிரேம் போடுங்கள். பூசியாயிற்றே என்று கண்ணாடியோடு ஒட்ட வைக்காதீர்கள். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை ஒன்று நடுவில் இருக்கட்டும்.