ஐந்தே ஆட்டம் ஆடியவரின் கதையைத் தேடி எடுப்பது எப்படி?

பகலில் ஆடிட்டர் ஆபீசில் அடுத்தவர் கணக்கைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. ராத்திரியில், நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர்களின் கணக்கைச் சரிபார்ப்பது என் பைத்தியம். பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாலைந்து ஆட்டத்தோடு நின்றுபோனவர்கள்தான் எனக்கு வேண்டியவர்கள். அப்படி ஒருவரைப் பற்றி எழுத நினைத்தால் எப்படித் தேடுவது என்று சொல்கிறேன். உதாரணத்துக்கு டொனால்ட் பெல். பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூ கிளப்பின் தடுப்பாட்டக்காரர், மொத்தம் 5 ஆட்டம்.

முதலில் அந்த எண்ணைப் பிடியுங்கள். அது எதை எண்ணியது, எதை விட்டுவிட்டது? பழைய புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் ஃபுட்பால் லீக் ஆட்டங்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ரிசர்வ் அணி ஆட்டம் வராது, போர்க்கால ஆட்டம் வராது, தெற்குப் பக்கத்துக் கிளப்புகளின் தனிப் போட்டியான சதர்ன் லீகும் வராது. அதே காலத்து ஆட்டக்காரர் வால்டர் டல்லைப் பாருங்கள். டாட்டன்ஹாமுக்கு முதல் டிவிஷனில் 10 ஆட்டம், 2 கோல். அந்த வரியோடு நிறுத்தினால் வந்த வேகத்தில் போனவர் போலத் தெரிவார். 1911இல் நார்தாம்ப்டனுக்குப் போய் நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடியவர் அவர். ஆனால் நார்தாம்ப்டன் அப்போது சதர்ன் லீகில் இருந்தது. ஃபுட்பால் லீகில் சேர்ந்ததே 1920இல்தான். அதனால் எண்ணுக்குப் பக்கத்திலேயே எந்த லீக், எந்த சீசன் என்று எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் மேலே போகவே போகாதீர்கள்.

அடுத்தது ஆளை உறுதிசெய்வது. அன்றைய பத்திரிகைகள் குடும்பப் பெயரை மட்டும் போடும். பெல் என்று தேடினால் ஊருக்கு ஒரு பெல் வருவார். சட்டை எண்ணும் உதவாது, லீகில் அது வந்ததே 1939இல். ஆனால் பெயர்ப்பட்டியலை ஒரு ஒழுங்கில் அச்சிடுவார்கள்: முதலில் கோல்கீப்பர், பின் இரண்டு தடுப்பாட்டக்காரர், மூன்று இடையாட்டக்காரர், ஐந்து முன்கள ஆட்டக்காரர். பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதை வைத்தே உங்கள் ஆளா இல்லையா என்று ஓரளவு சொல்லிவிடலாம். மாற்று ஆட்டக்காரர் முறையும் கிடையாது, அது 1965இல் வந்தது. பதினொரு பெயரில் இல்லையென்றால் அன்று அவர் ஆடவில்லை.

பிறப்புப் பதிவுக்கு, இங்கிலாந்தின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு அட்டவணைகளைத் தேடித் தரும் ஃப்ரீபிஎம்டி (FreeBMD) தளம் போதும், காசு கேட்காது. ஆனால் அதில் தேதி இருக்காது, பதிவான காலாண்டு மட்டும்தான். பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்தது. பெல் பிறந்தது 1890 டிசம்பர் 3. இப்படிப்பட்டவருக்கு அந்த வருஷத்தின் கடைசிக் காலாண்டையும் 1891இன் முதல் காலாண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்புறம் வயிற்றுப்பாடு. 1901இல் லீக் ஆட்டக்காரருக்கு உச்ச சம்பளம் வாரம் 4 பவுண்டு என்று வைத்தார்கள், 1910இல் அது 5 ஆனது. அதையும் எல்லோரும் வாங்கவில்லை. பெல் ஹாரோகேட் பக்கம் ஸ்டார்பெக்கில் பள்ளி ஆசிரியர். 1912இல் பணத்துக்கு ஆடும் ஒப்பந்தம் போட்டது ஆசிரியர் சம்பளத்துக்கு மேல் கொஞ்சம் சேர்க்கத்தான். அதற்கு முன் கிரிஸ்டல் பேலஸ், நியூகாசில் கிளப்புகளில் சம்பளமில்லாமல் ஆடியிருக்கிறார். இதெல்லாம் தெரிந்தால் 5 என்ற எண் வேறு மாதிரி படும். மனிதர் தோற்றுப்போனவர் இல்லை. வாரம் முழுக்க வகுப்பெடுத்தவர்.

ஏன் நின்றது என்பதுதான் கட்டுரையின் உயிர். காயமா, கல்யாணமா, வேறு வேலையா என்று பாருங்கள். 1914-15 சீசனை ஒட்டி நின்றிருந்தால் முதல் உலகப் போரைத் தேடுங்கள். பெல் 1914இல் கிளப்பிடம் விடுவிப்பு கேட்டு ராணுவத்தில் சேர்ந்தார். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இறந்தவர்களை இலவசமாகத் தேடலாம். அந்தப் போரின் சாதாரண சிப்பாய்களின் கோப்புகளில் பெரும்பகுதி 1940இல் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோனது. கிடைக்காவிட்டால் மனம் விட்டுவிடாதீர்கள். விருது வாங்கியவர் என்றால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் இருக்கும். போர்வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த விருது விக்டோரியா சிலுவை; பெல்லுக்கு அதற்கான அறிவிப்பு 1916 செப்டம்பரில் வந்தது. விருதுக்குக் காரணமான சம்பவம் இது: அதே வருஷம் ஜூலை 5, பிரான்ஸின் சோம் போர்க்களம், ஹார்ஸ்ஷூ பதுங்குகுழி. இயந்திரத் துப்பாக்கி ஒன்று பக்கவாட்டிலிருந்து சுட்டுத் தள்ளுகிறது. பெல் இணைப்புக் குழி வழியே ஊர்ந்து போய், வெட்டவெளியில் ஓடி, சுட்டவனை ரிவால்வரால் சாய்த்து, குண்டு வீசித் துப்பாக்கியை அழித்தார். தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் அதை வெறும் குருட்டு அதிர்ஷ்டம் என்றே சொல்லியிருக்கிறார். ஐந்தே நாளில், கோன்டால்மெய்சோனில் அதே மாதிரி இன்னொரு முயற்சியில் இறந்தார். திருமணமாகிச் சுமார் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

‘முதல்’ என்ற சொல்லைக் கண்டால் உஷாராகுங்கள். டல்தான் பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி என்று எங்கும் எழுதியிருக்கும். ஜார்ஜ் பெமாண்ட் 1915இலேயே அதிகாரியாகியிருக்கிறார், டல்லுக்கு அது கிடைத்தது 1917இல்.

கடைசியாகச் செலவு. பழைய பத்திரிகைகளைத் தேடித் தரும் பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ் தளத்தில் பெரும்பகுதியைச் சந்தா கட்டித்தான் பார்க்க வேண்டும். இலவசத் தளங்களை முடித்து, ஆட்டத் தேதி, ஊர், எதிரணி எல்லாம் ஒரு தாளில் குறித்த பிறகே ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். முதலில் ‘அத்லெடிக் நியூஸ்’ என்ற விளையாட்டுப் பத்திரிகை, அடுத்து அந்தந்த ஊரின் சனிக்கிழமை மாலைப் பத்திரிகை. எதிரணி ஊரின் பத்திரிகையையும் விடாதீர்கள். சொந்த ஊர்க்காரன் மறைத்த சொதப்பலை எதிரணி ஊர்க்காரன் வாய் நிறையச் சொல்லியிருப்பான்.