யூரியா சேர்த்துக் குறைந்த மின்னழுத்தத்தில் ஹைட்ரஜன் பெறுதல்

நீரை மின்சாரத்தால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் மின்பகுப்பில் ஆற்றல் பெரிதும் வீணாவது ஆக்சிஜன் உருவாகும் நேர்மின்வாயில்தான் என்பதால், அங்கே எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் யூரியாவைக் கரைசலில் சேர்ப்பது பயன் தரும். கோட்பாட்டளவில் நீருக்கு 1.23 வோல்ட்டும் யூரியாவுக்கு 0.37 வோல்ட்டும் தேவை.

பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான, நெருப்பில்லாத இடத்தில், 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 6.6 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (கடும் காரம்) வில்லைகளைச் சிறிது சிறிதாக இடுங்கள். நீரை வில்லைகளின் மேல் ஊற்றவே கூடாது. தூய்மையான இரண்டு நிக்கல் தகடுகளை அமிழ்த்தி, சிறிய நிலையான மின்னோட்டத்தைச் செலுத்தி, மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2 கிராம் யூரியாவைக் கரைத்து, அதே மின்னோட்டத்தில் மீண்டும் அளவிடுங்கள்.

நேர்மின்வாய்த் தகட்டில் படரும் கருமை நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு. யூரியாவை ஆக்சிஜனேற்றுவது அதுவே. அது உருவாகவே, மின்னழுத்தங்களை அளக்க ஒப்பீட்டுப் புள்ளியாகக் கொள்ளப்படும் மீள் ஹைட்ரஜன் மின்வாயுடன் ஒப்பிட, ஏறத்தாழ 1.36 வோல்ட் வேண்டியிருப்பதால், 0.37 வோல்ட்டை எதிர்பார்க்க வேண்டாம். மின்னோட்டத்தை மிகவும் கூட்டினால் ஆக்சிஜனும் வெளிப்பட்டு, யூரியாவின் பயன் மங்கிவிடும்.

மின்னோட்டம் மாறாதவரை ஹைட்ரஜனின் அளவும் மாறாது. மிச்சமாவது மின்சாரம் மட்டுமே. காரக் கரைசலில் யூரியா மெல்லச் சிதைந்து அம்மோனியா ஆவதால், கலவையை அன்றன்றே தயாரியுங்கள்.