டெண்டர் வந்தபிறகு பேசிப் பயனில்லை: அரசு கொள்முதலில் சமூகப் பயன் நழுவிப்போகும் இடங்கள்

அரசு அலுவலகமோ உள்ளாட்சியோ ஒரு பொருளை வாங்கும்போது, அந்தப் பணத்தில் உள்ளூரில் நாலு பேருக்கு வேலை கிடைக்க வேண்டும், சுய உதவிக்குழுப் பெண்களுக்கு வருமானம் வர வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கும் பங்கு போய்ச்சேர வேண்டும் என்று நினைப்பதைத்தான் சமூகப் பயன் என்கிறோம். இந்த எண்ணம் இப்போது பல அதிகாரிகளிடம் உண்மையாகவே இருக்கிறது. ஆனாலும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஒரு டெண்டர் முடியும்போது வழக்கமான ஒப்பந்ததாரர்களே மிஞ்சுவது அபூர்வமல்ல. விற்கக்கூடியவர்களிடம் பேச வேண்டிய நேரத்தில் பேசாததுதான் இதற்கு முதல் காரணம் என்பது என் கருத்து. நிபந்தனைகளை எழுதி, கையெழுத்தாகி, விளம்பரமும் வந்தபிறகு பேசினால் மாற்றுவதற்கு எதுவும் மீதி இருக்காது.

விளம்பரத்தைப் பார்த்து வரட்டும் என்று இருப்பது

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது, அதன் விதிகள் 2000-ல் வந்தன. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்கின்றன அந்த விதிகள். பழகிய ஒப்பந்ததாரருக்கு 15 நாள் தாராளம். அவரிடம் எல்லாச் சான்றும் கோப்பில் தயாராக இருக்கும்.

முதல்முறை வரும் ஒரு மகளிர் குழுவை நினைத்துப் பாருங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு வேண்டும், பான் எண் வேண்டும், இணையத்தில் விண்ணப்பிக்க டிஜிட்டல் கையொப்பம் வாங்க வேண்டும். கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுத வேண்டும், டெண்டரோடு கட்ட முன்வைப்புத் தொகை கேட்டால் அதைத் திரட்ட வேண்டும். இதற்கு நடுவில் துணிக்கோ தானியத்துக்கோ விலை விசாரித்துத் தங்கள் விலையையும் முடிவு செய்ய வேண்டும். 15 நாளில் இது நடக்காது. கடைசியில் கோப்பில் ‘உள்ளூர்க் குழுக்கள் ஆர்வம் காட்டவில்லை’ என்று ஒரு வரி ஏறிவிடும். ஆர்வத்துக்குக் குறைவில்லை, அவர்களுக்கு நாள்தான் போதவில்லை.

டெண்டர் ஆவணம் வெளிவந்தபின் நடக்கும் முன்விளக்கக் கூட்டத்தையே ‘பேசியாயிற்று’ என்று கணக்கில் வைப்பதும் இதோடு சேர்ந்த தவறு. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் எழுதிய நிபந்தனைக்கு விளக்கம்தான் கிடைக்கும். பட்ஜெட் முடிவானதும், இந்த ஆண்டு என்னென்ன வாங்கப் போகிறோம், எந்த மாதத்தில், ஏறத்தாழ எவ்வளவு என்று ஒரு பட்டியல் போட்டுத் தமிழில் வெளியிட்டால் அதுவே பாதி வேலை.

இது யாரும் செய்யாத புதுமையும் இல்லை. பிரிட்டனில் 2012-ல் வந்த சமூக மதிப்புச் சட்டம், சேவைகளைக் கொள்முதல் செய்யும் முன்பே சமூகப் பயனைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. அதற்காக யாரிடமாவது கருத்துக் கேட்க வேண்டுமா என்பதையும் அந்தக் கட்டத்திலேயே பரிசீலிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் அங்கே நடைமுறைக்கு வந்த புதிய கொள்முதல் சட்டம், டெண்டருக்கு முந்தைய இந்தப் பேச்சுக்குத் தனி இடமே ஒதுக்கியிருக்கிறது.

பழைய டெண்டரிலிருந்து நிபந்தனையை நகலெடுப்பது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டு. மஞ்சப்பை இயக்கத்துக்காக ஓர் உள்ளாட்சி 50,000 துணிப்பை வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். போன முறை வேறு எதற்கோ போட்ட டெண்டரை எடுத்துப் பொருளின் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். மூன்று ஆண்டு அனுபவம், ஆண்டுக்கு 50 லட்சம் டர்ன்ஓவர், மொத்தத்தையும் ஒரே தவணையில் 30 நாளில் தர வேண்டும் என்பதெல்லாம் அப்படியே வந்துவிடும். அந்த மூன்று வரியிலேயே அணைக்கட்டு, கணியம்பாடி, கே.வி.குப்பம் பக்கத்துத் தையல் குழுக்கள் வெளியே போய்விட்டன. பிறகு மதிப்பீட்டில் ‘சமூகப் பயனுக்கு 10 மதிப்பெண்’ என்று சேர்த்து என்ன ஆகப்போகிறது?

முன்பே பேசியிருந்தால் வேறு விஷயங்கள் தெரிந்திருக்கும். அந்தக் குழுக்களிடம் மெஷின் இருக்கலாம், கை இருக்கலாம், துணி வாங்க முதல் இல்லாமலிருக்கலாம். அப்படியானால் துணியை அலுவலகமே வாங்கிக் கொடுத்துத் தையல் கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் போடலாம். பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைப்பது நம் மாநிலத்தில் இப்படித்தான் நடந்துவருகிறது. துணி அரசுடையது, சங்கத்துப் பெண்களுக்குத் தையல் கூலி. ஒரே டெண்டருக்குள் 5,000 பை வீதம் பத்துத் தொகுப்பாகப் பிரித்து, ஒரு குழு தன்னால் முடிந்த தொகுப்புக்கு மட்டும் விலை தரும்படியும் செய்யலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகத் தேவையைத் துண்டு துண்டாக்கி வாங்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஒரே அறிவிப்பில், ஒரே ஒப்புதலின்கீழ், தொகுப்புகளாக விலை கேட்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கோப்பில் காரணத்தோடு எழுதிவைத்தால் தணிக்கையில் பதில் சொல்வது எளிது.

ராணிப்பேட்டை பெல் (BHEL) போன்ற மத்திய பொதுத்துறை நிறுவனங்களுக்குக் கணக்கு இன்னும் திட்டவட்டமானது. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் ஆணைப்படி, 2018 திருத்தத்துக்குப் பிறகு, ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் அந்த நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு, 3 சதவீதம் பெண்களுக்கு. சதவீதம் காகிதத்தில் இருந்தாலும், எந்த உதிரிபாகத்தைச் சின்னப் பட்டறையில் செய்ய முடியும் என்று பட்டறைக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டால்தான் அது ஆர்டராக மாறும்.

‘முடியுமா?’ என்று கேட்பது

சரி, பேசக் கூப்பிட்டாயிற்று. காலை பத்து மணிக்கு வேலூரில் கூட்டம், திரையில் ஆங்கிலத்தில் விளக்கம். பீஞ்சமந்தை மலையிலிருந்து ஒரு குழுத் தலைவி பத்து மணிக்குள் இறங்கி வந்துசேர வேண்டும் என்றால் அன்றைய கூலியும் போச்சு. அவர்கள் இருக்கும் இடத்துக்கு, அணைக்கட்டிலோ ஒடுகத்தூரிலோ, மகளிர் திட்ட அலுவலர்களையும் மாவட்டத் தொழில் மையத்தையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

அங்கே போய் “என்னம்மா, உங்களால முடியுமா?” என்று கேட்டால் “முடியும் சார்” என்ற பதில்தான் வரும். அதிகாரி முன்னால் முடியாது என்று சொல்லத் துணிவது கடினம். அதை நம்பி நிபந்தனை எழுதினால் ஒப்பந்தம் பாதியில் தடுமாறும், பழி குழுவின் மேல் விழும். “எத்தனை மெஷின் ஓடுது? நடவு, அறுவடை நாள்ல எத்தனை பேர் வருவாங்க? துணிக்குப் பணம் யார் போடுவாங்க? வண்டி யாரோடது?” என்று கேளுங்கள். ஜவ்வாது மலைச் சாமை வாங்க வேண்டுமென்றால் அறுவடை எப்போது, உமி நீக்கும் இயந்திரம் எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் விநியோகத் தேதி போடவே கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒருவரிடம் மட்டும் தனியாகப் பேசி, அவர் சொன்ன அளவுகளையே டெண்டரில் போட்டுவிட்டால் அது முறைகேடு. எண்ணம் எவ்வளவு நல்லதாயிருந்தாலும் அதுதான் பெயர். அழைப்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், என்ன பதில் தரப்பட்டது என்பதை எழுதி, வராதவர்களும் படிக்கும்படி வெளியிடுங்கள். விலையைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேசவே வேண்டாம்.

பில் எப்போது பாஸாகும் என்று சொல்லாமல் விடுவது

சின்ன நிறுவனத்துக்கு விலையைவிடப் பணம் வரும் நாள் முக்கியம். 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பொருளை ஏற்ற 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டு, பில் எந்த மேசையில் தொடங்கி எங்கே முடியும் என்பதையும் விளக்குங்கள். இந்த ஒரு தகவல் இல்லாததால் பலர் பணம் வரும்வரை கட்ட வேண்டிய கடன் வட்டிக்குப் பயந்து விலையை ஏற்றிப்போட்டுத் தோற்கலாம்.

அப்புறம், பெரிய ஒப்பந்ததாரர் ஜெயித்து ‘20 உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை தருவேன்’ என்று சொல்லியிருந்தால், அந்த வாக்கு ஒப்பந்த ஷரத்தாக ஏற வேண்டும். எத்தனை பேர், எத்தனை நாள், என்ன கூலி, அது வங்கிக் கணக்கில் போனதற்கு என்ன சான்று, தவறினால் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எந்தச் சான்றைத் தங்களால் மாதாமாதம் தர முடியும் என்பதையும் டெண்டருக்கு முன்பே ஒப்பந்ததாரர்களிடம் கேட்டுவிடலாம். தோற்ற குழுக்களுக்கு எந்த இடத்தில் குறைந்தது என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள், அடுத்த கூட்டத்தின் தேதியோடு.