குத்தியதை எல்லாம் தோண்டி எடுக்க வேண்டுமா?

காலில் முள் தைத்ததும் கை ஊக்கைத் தேடுகிறது. உள்ளே போனது எதுவானாலும் உடனே வெளியே எடுத்தாக வேண்டும் என்ற இந்த அவசரம்தான் முதல் தவறு. என்ன தைத்தது, எங்கே தைத்தது என்று பார்த்த பிறகுதான் எடுப்பதா விடுவதா என்ற கேள்வியே வருகிறது.

நுனி வெளியே தெரியும் முள்ளையும் சிராயையும் வீட்டிலேயே எடுக்கலாம். கையையும் தைத்த இடத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்த இடுக்கியால், போன வழியிலேயே இழுக்க வேண்டும். பிதுக்கினால் காய்ந்த முள் உள்ளேயே ஒடியும். மரச் சிராயை நீரில் நெடுநேரம் ஊறவைத்தால் உப்பி, பிடித்த இடத்தில் உதிரும். எருக்கம்பால் வைத்தால் முள் தானாக மேலே வரும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பால் பட்ட விரல் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும்.

ஆழமாகப் போய்விட்டால்? சதைக்குள் புதைந்த சிறு உலோகத் துண்டு பல ஆண்டுகள் தொல்லையின்றிக் கிடக்கலாம். 1912இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுடப்பட்ட முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மார்பிலிருந்து மருத்துவர்கள் குண்டை எடுக்கவில்லை. அதனுடனேயே அவர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1881இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. கழுவாத விரல்களை விட்டுக் குண்டைத் துழாவினார்கள். புண்ணில் சீழ் பிடித்து 79 நாளில் இறந்தார்.

முள்ளும் மரமும் அப்படிச் சும்மா கிடப்பவை அல்ல. உள்ளே தங்கினால் வீங்கும், சீழ் வைக்கும். மூட்டில் தைத்த ஈச்ச முள், தைத்ததே மறந்துபோன பிறகு முழங்காலை வீங்கவைப்பதுண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: எக்ஸ்ரேயில் கண்ணாடியும் உலோகமும் பெரும்பாலும் தெரியும், முள்ளும் மரமும் பொதுவாகத் தெரியாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் வலி நீடித்தால், அல்ட்ராசவுண்டு எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் வலிக்காகக் காத்திருக்கவே கூடாது.

ஆழமாகச் செருகி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள். அதுவே ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டி, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கண்ணில் குத்தியதற்கும் இதே விதிதான், ஆனால் கண்ணை அழுத்தாமல்.

தொண்டையில் மீன் முள் சிக்கினால் சோற்றுருண்டையை விழுங்கச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். சில நேரம் முள் போய்விடுகிறது, சில நேரம் இன்னும் ஆழமாக ஏறிவிடுகிறது. அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

காத்திருக்கவே கூடாதது ஒன்று உண்டு. குழந்தையின் மூக்கிலோ உணவுக் குழாயிலோ சிக்கிய பட்டன் பேட்டரி (கைக்கடிகாரத்தில் போடும் வட்டமான சிறு பேட்டரி) இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடக்கூடியது. மூக்கில் சொட்டு மருந்து விடாதீர்கள், ஈரம் பட்டால் அரிப்பு கூடும். நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அதே பேட்டரியின் உறை வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; அதிலுள்ள எண் மருத்துவருக்கு உதவும்.