கிளுவை வேலியையும் படலையும் படமெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் காளையைத் தேடித்தான் போகிறார்கள். வேலி, காளைக்குப் பின்னால் மங்கலான பச்சைக் கோடாக நின்றுவிடுகிறது. முதல் தவறு அதுதான். கொரங்காடு என்கிற அந்த மேய்ச்சல் நிலமே வேலியால் ஆனது. முள்கிளுவை மரத்தின் போத்துகளை, அதாவது வெட்டியெடுத்த கிளைகளை, வரிசையாக நட்டு, அவை வேர்பிடித்துக் கிளைகள் பின்னிக்கொண்டால் உயிர்வேலி தயார். உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். வேலி இருப்பதால்தான் கூடவே ஆள் நிற்காமல் மாடுகளை மேயவிட முடிகிறது. எனவே உள்ளே புல்லும் வெளியே பாதையோ வெள்ளாமையோ ஒரே படத்தில் தெரியும்படி நில்லுங்கள். எதைத் தடுக்கிற வேலி என்பது பார்த்ததும் புரிய வேண்டும்.

நேர் எதிரே நின்று எடுத்தால் வேலி பச்சைச் சுவராகத் தட்டையாகிவிடும். வேலியை ஒட்டி நின்று, அது தூரத்தில் போய் ஒடுங்கும்படி எடுங்கள். இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி இதற்கு நல்ல இடம். ஆனால் அங்கே வைட் லென்ஸ் வேண்டாம். ஒடுங்கலான இட்டேரியை அது அகலமான சாலையாகக் காட்டும், தூரத்து வேலியையும் குட்டையாக்கிவிடும். 50 முதல் 85 மி.மீ. வரை உள்ள லென்ஸில், எஃப்/8 அல்லது எஃப்/11 அபெர்ச்சரில் எடுத்தால் அந்த நெருக்கம் கிடைக்கும். கேமரா வார் முள்ளில் மாட்டுவதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்!

கோடையில் போய்விட்டு, 'எல்லாம் காய்ந்து கிடக்கிறது' என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. கிளுவை செத்துப்போகவில்லை. வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு மழைக்குத் துளிர்க்கும் மரம் அது. பச்சை வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிக் கிடக்கும். சில இடங்களில் கண்வலிக்கிழங்குச் செடி பூத்திருக்கும். அந்தச் சிவப்பை போன் கேமரா அடர்த்தியாக்கி, இதழின் சுருக்கமே தெரியாமல் செய்துவிடும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறையுங்கள். என்னைக் கேட்டால் கோடை வேலிதான் அழகு. எந்தக் கிளை எதோடு பின்னியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். சாயங்கால வெயில் வேலிக்குப் பின்னாலிருந்து வரட்டும், வானத்தை முடிந்தவரை படத்துக்கு வெளியே தள்ளுங்கள். வெளிச்சமான வானம் உள்ளே வந்தால் கேமரா வேலியைக் கரியாக்கிவிடும்.

போனில் போர்ட்ரெய்ட் மோட் இந்த வேலைக்கு ஆகாது. முள் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று அதற்குப் பிடிபடுவதில்லை. பாதிக் குச்சி தெளிவாகவும் மீதி மங்கலாகவும் வரும்.

கல்லுக்கால் நட்ட கம்பிவேலிக்கு உள்ளே நிற்கும் மாட்டை எடுக்க, லென்ஸைக் கம்பிக்கு மிக அருகில் கொண்டுபோய் அபெர்ச்சரை அகலமாகத் திறந்தால் கம்பி கரைந்துவிடும். மின்சாரம் பாய்கிற சோலார் வேலியாக இருந்தால் அந்த யோசனையே வேண்டாம். டிரைபாடும் கம்பியில் படக் கூடாது.

கெட்ட தவறுகள் நடப்பது, வேலியின் வாசலை அடைக்கிற படல் பக்கம்தான். படம் நன்றாக வர வேண்டுமென்று படலைத் திறந்துவைப்பது, மறைக்கிற கிளையை ஒடிப்பது, கொடியை இழுத்துப் போடுவது. ஒரு கிளை போனால் சந்து விழும், அதை ஆடு கண்டுபிடித்துவிடும். மாடு பக்கத்துக் காட்டு வெள்ளாமையில் இறங்கினால் சண்டை வாங்குவது நீங்களல்ல, காட்டுக்காரர், அதாவது நிலத்துக்காரர். திறந்து கிடக்கும் படலை நல்லது செய்வதாக நினைத்துச் சாத்துவதும் தப்பு. மாடு தண்ணிக்கு வர அப்படி விட்டிருப்பார்கள். எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். 'ஏனுங்க, ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?' என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம், மூடிய படலை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். மாட்டை எப்போது உள்ளே விடுவார்கள், எப்போது ஓட்டுவார்கள் என்று காட்டுக்காரரிடமே கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள். மாடு வருகிற வழியை மறிக்காமல் ஓரமாக நின்று, படலைத் தூக்கி நகர்த்தும் கையையும் உள்ளே நுழையும் முதல் மாட்டையும் சேர்த்து எடுங்கள். 1/250 நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகம் வையுங்கள்.