செஞ்சோற்றுக் கடனைச் சிறுகதையாக்குவது

பாண்டவர் தன் தம்பியர் என்று தெரிந்த பின்னும் கர்ணன், தன்னை ஆதரித்து உயர்த்திய துரியோதனன் பக்கமே நின்றான்; உண்ட சோற்றுக்குப் பட்ட கடன் அது. அந்த முடிச்சை இன்றைய மளிகைக்கடைக்குக் கொண்டுவாருங்கள்.

முதலில் உதவியைத் துல்லியமாக்குங்கள்: வேலையாளின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் 40,000 ரூபாயை முதலாளி கட்டுகிறார். பிறகு கேட்கிறார்: கிலோவுக்கு 50 கிராம் குறைத்து நிறு. கொலை, கொள்ளை வேண்டாம். அவற்றைக் கேட்டால் வாசகர் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார், தடுமாற்றமே இருக்காது.

பல கதைகள் சறுக்குவது முதலாளியை வில்லனாக்குவதில்தான். அப்படிக் கேட்ட பிறகும் அவர் மனதார ஒரு நல்லது செய்யட்டும். 'நன்றி' என்ற சொல் வருமிடமெல்லாம் அடித்துவிடுங்கள். தராசின் முன் தயங்கும் கை போதும். ஏமாறுபவருக்கும் முகம் வேண்டும்: தினமும் அரைக் கிலோ அரிசி வாங்கும் பாட்டி. 800 சொற்களுக்குள், அவர் பையை நீட்டும் கணத்தில் நிறுத்துங்கள்.